தானுந்துப் பழுதறி கருவி

தானுந்துப் பழுதறி கருவி என்பது, கார் முதலிய தானுந்துகளின் உள்ளே அமைந்த கட்டுப்பாட்டுக் கணினிகளுடன் தொடர்புகொண்டு, அவை பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளையும் உணரிகளின் அளவீடுகளையும் படித்துக் காட்டும் மின்னணுக் கருவி ஆகும். பட்டறைகளில் இது ஸ்கேனர் என்றே வழங்குகிறது. தொடக்கத்தில் பெரிய பட்டறைகளில் மட்டுமே இருந்த இக்கருவி, ஓபிடி-2 என்னும் பொதுச் சீர்தரம் 1996-ஆம் மாதிரி ஆண்டு முதல் அமெரிக்காவில் கட்டாயமான பின், தம் வண்டியைத் தாமே பழுதுபார்க்கும் ஆர்வலர்களின் கைக்கும் வந்து சேர்ந்தது.

இன்று சிறிய செருகி ஒன்றும் திறன்பேசியும் இருந்தால், எவரும் சில நிமிடங்களில் தம் தானுந்தின் பழுதுக் குறியீட்டைப் படித்துவிடலாம். எனினும் குறியீட்டைப் படிப்பது வேறு, பழுதைக் கண்டறிவது வேறு. முன்னது மிக எளிதாகிவிட்டது. பின்னது ஏறத்தாழ முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இவ்விடைவெளியை அறியாமல் கருவியை நம்புவோர் நல்ல நிலையில் உள்ள உறுப்புகளை மாற்றிப் பணத்தை இழக்க நேர்கிறது.

வரலாறு

எரிபொருள் உட்செலுத்தலை மின்னணு முறையில் கட்டுப்படுத்தத் தொடங்கியபோது, கட்டுப்பாட்டுக் கணினி தன் உணரிகளைத் தானே சோதித்துக்கொள்ளும் வசதியும் உடன் வந்தது. 1980-களின் முற்பகுதியில் செனரல் மோட்டார்சு நிறுவனத்தின் தானுந்துகளில் 12 முனைகள் கொண்ட ஓர் இணைப்பி இருந்தது. அதன் இரு முனைகளை ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், முகப்புப் பலகையில் உள்ள எச்சரிக்கை விளக்கு கண்சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, பின் இரு சிமிட்டல்கள் என்றால் அது குறியீடு 12. அது மும்முறை வந்தால் சோதனை முறை ஒழுங்காக இயங்குகிறது என்று பொருள். அதன் பின் வருபவை உண்மையான பழுதுகள். டொயோட்டாவிலும் இரு முனைகளை இணைக்கும் இதே போன்ற முறை இருந்தது. ஆனால் முனைகளும் வேறு, குறியீடுகளும் வேறு.

இம்முறைக்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தேவைப்பட்டவை ஒரு கம்பித் துண்டு, எண்ணும் பொறுமை, அந்த வண்டிக்குரிய பழுதுபார்ப்புக் கையேடு ஆகியவையே. கையேடு இல்லாதவருக்கு அச்சிமிட்டல்களால் ஒரு பயனும் இல்லை. ஆகவே அக்கால ஆர்வலர் குறியீட்டைக் காணும் முன்பே கையேட்டைத் திறந்திருப்பார்.

கலிபோர்னிய மாநிலத்தின் காற்றுவள வாரியம், லாசு ஏஞ்சலசு நகரப் புகைமூட்டத்துடன் நீண்டகாலமாகப் போராடி வந்த அமைப்பு. அது 1988-ஆம் மாதிரி ஆண்டு முதல் தன் மாநிலத்தில் விற்கும் தானுந்துகளுக்கு உள்ளமைந்த பழுதறி முறையைக் கட்டாயமாக்கியது. இதுவே பின்னர் ஓபிடி-1 எனப்பட்டது. இதில் இணைப்பியும் குறியீடும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறின. இக்குறையை நீக்க உருவான ஓபிடி-2, 1994 முதல் படிப்படியாக நுழைந்து, 1996-ஆம் மாதிரி ஆண்டில் அமெரிக்கா முழுவதும் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும் டீசல் கார்களுக்கு 2004-இலும் இதையொத்த விதியை முழுமையாக நடைமுறைப்படுத்தியது.

சீர்தரத்தின் நோக்கமும் அதன் விளைவும்

ஓபிடி-2 பழுதுபார்ப்பவருக்காக உருவானது அன்று. அது காற்று மாசைக் கட்டுப்படுத்த உருவானது. மாசு வெளியீடு சட்ட வரம்பைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடிய பழுது நேர்ந்தால், ஓட்டுநரை எச்சரிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இக்கருவிகளைக் குறித்து எழும் குழப்பங்களுள் பல இந்த ஓர் உண்மையை அறிந்தால் தெளிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, பிரேக், காற்றுப்பை, குளிரூட்டி ஆகியவற்றின் பழுதுகளைக் காட்டச் சீர்தரம் கட்டாயப்படுத்துவதில்லை. அவை அந்தந்த நிறுவனத்தின் தனி மொழியில் அடைபட்டுள்ளன. மலிவான கருவி "பழுது ஏதும் இல்லை" என்று காட்டும்போது, மாசு தொடர்பான பழுது பதிவாகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். வண்டி பாதுகாப்பானது என்பதற்கு அது சான்று ஆகாது. கருவிகளின் திரையில் இவ்வேறுபாடு பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. பயன்படுத்தல் எளிமை நோக்கில் இதுவே மிகப் பெரிய குறை எனலாம்.

எச்சரிக்கை விளக்கும் இவ்வாறே. பல பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்டறியப்பட்டால் மட்டுமே விளக்கு எரியும். விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் சோதிக்க வேண்டும். விட்டுவிட்டு மின்னினால், எரியாத எரிபொருள் வினையூக்கி மாற்றியைச் சேதப்படுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது வேகத்தைக் குறைத்து, இயன்றவரை விரைவில் வண்டியை நிறுத்த வேண்டும். இரண்டும் ஒரே மஞ்சள் விளக்கே என்பதால் பலர் வேறுபாட்டை அறிவதில்லை.

இணைப்பியும் நெறிமுறைகளும்

ஓபிடி-2 இணைப்பி 16 முனைகள் கொண்டது. அமெரிக்க விதிப்படி அது ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து 2 அடிக்குள், கருவி எதுவும் இன்றி எட்டக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். இணைப்பி ஒன்றானாலும் அதன் வழியே பேசப்பட்ட மொழிகள் ஐந்து. ஃபோர்டு ஒன்றையும், செனரல் மோட்டார்சு மற்றொன்றையும், கிரைசிலரும் பல ஐரோப்பிய, ஆசிய நிறுவனங்களும் வேறு இரண்டையும் பயன்படுத்தின. ஐந்தாவதான கேன் என்னும் வலையமைப்பு 2008-ஆம் மாதிரி ஆண்டு முதல் அமெரிக்காவில் எல்லாத் தானுந்துகளுக்கும் கட்டாயமானது.

இவ்வைந்து மொழிகளையும் ஒரே சில்லில் மொழிபெயர்த்துத் தந்தது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்சு நிறுவனத்தின் ஈ.எல்.எம்.327. பழைய தொலைபேசி மோடம்களுக்குரிய கட்டளைகளைப் போன்ற எளிய எழுத்துக் கட்டளைகளால் இதை இயக்கலாம். ஆதலால் நிரலாக்கம் அறிந்த ஆர்வலர்கள் தாமே மென்பொருள் எழுதத் தொடங்கினர். கணினியிலிருந்து 01 05 என்று அனுப்பினால், எஞ்சின் குளிர்நீரின் வெப்பநிலையைக் கேட்பதாகப் பொருள். மறுமொழியாக 41 05 78 என்று வரலாம். இதில் முதல் இரண்டும் கேள்வியை ஒப்புக்கொள்வன. 78 என்பது பதினறும எண். அதைப் பதின்மமாக்கினால் 120. அதிலிருந்து 40-ஐக் கழித்தால் 80 பாகை செல்சியசு. திறன்பேசிச் செயலிகளில் அழகிய வட்டமுள் அளவியாகத் தெரிவதெல்லாம் அடியில் இந்தக் கணக்கே.

இச்சில்லின் முதல் பதிப்பில் நகலெடுப்புத் தடை இயக்கப்படவில்லை. அதனால் போலிகள் பெருகின. அசல் நிறுவனம் வெளியிடாத "1.5" என்ற பதிப்பெண்ணைத் தாங்கிய செருகிகள் பரவலாக விற்கப்பட்டன. போலிகள் பல வேலை செய்யும். ஆயினும் சில கட்டளைகளை அறியாதவை, சில நெறிமுறைகளில் இணையாதவை, பாதியில் துண்டிக்கப்படுபவை அவற்றுள் உண்டு. இணைப்பு கிடைக்காதபோது பழுது வண்டியிலா, செருகியிலா, செயலியிலா என்று புதியவரால் பிரித்தறிய இயலாது. அசல் நிறுவனம் 2022-இல் மூடப்பட்டது. நகல்கள் இன்றும் விற்பனையில் உள்ளன.

பழுதுக் குறியீடு

பழுதுக் குறியீடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. எழுத்து, பழுது எஞ்சின்-கியர்ப்பெட்டித் தொகுதியிலா, உடலகத்திலா, அடிச்சட்டத்திலா, கணினி வலையமைப்பிலா என்பதைச் சுட்டும். இக்கட்டுரையில் "பி" எனத் தொடங்குவன யாவும் எஞ்சின்-கியர்ப்பெட்டித் தொகுதிக்கு உரியவை. முதல் இலக்கம் 0 எனில் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. 1 எனில் நிறுவனத்துக்கே உரியது. அடுத்த இலக்கம் துணைத் தொகுதியைச் சுட்டும். எரிபொருளும் காற்றும் என்றால் 1 அல்லது 2, எரியூட்டல் என்றால் 3, மாசுக் கட்டுப்பாடு என்றால் 4 என்றவாறு அமையும்.

குறியீட்டுடன் வரும் விளக்கம் துறைச் சொற்களால் ஆனது. "பேங்க் 1" என்பது முதல் சிலிண்டர் இருக்கும் வரிசை. நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த சிறு கார்களில் பேங்க் 1 மட்டுமே உண்டு. "சென்சார் 1" வினையூக்கி மாற்றிக்கு முன்னும் "சென்சார் 2" அதற்குப் பின்னும் இருக்கும் ஆக்சிசன் உணரிகள். இதை அறியாமல் தவறான உணரியைக் கழற்றுவது புதியவர்களிடம் அடிக்கடி நேர்வது.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

பி0171 என்ற குறியீட்டின் பொருள் "எரிகலவை மெலிவு, பேங்க் 1" என்பதாகும். அதாவது காற்று மிகுதி, அல்லது பெட்ரோல் குறைவு. பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. முன் ஆக்சிசன் உணரி புகையில் மிஞ்சிய ஆக்சிசனை அளந்து சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொண்டே இருக்கும். இத்திருத்தம் விழுக்காட்டில் பதிவாகிறது. நெடுநேரத் திருத்தம் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காட்டை எட்டும்போது கணினி தன்னால் இனி ஈடுகட்ட இயலாது என்று குறியீட்டைப் பதிகிறது.

ஆக்சிசன் உணரி கொடுத்த செய்தியால் குறியீடு பதிவானதால், புதியவர் அவ்வுணரியையே மாற்றிவிடுவது உண்டு. நோயைச் சொன்னவனையே நோயாளியாக்கும் செயல் இது. உண்மைக் காரணம் வெடித்த வெற்றிடக் குழாயாக இருக்கலாம், அழுக்கேறிய காற்றோட்ட உணரியாக இருக்கலாம், வலுவிழந்த எரிபொருள் எக்கியாக இருக்கலாம், உணரிக்கு முன்னே புகைக்குழாயில் உள்ள கசிவாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய வழி அதே கருவியினுள்ளேயே இருக்கிறது. நேரடி அளவீட்டுப் பக்கத்தில் திருத்த விழுக்காட்டைப் பார்த்தவாறு எஞ்சினை முதலில் வெறும் ஓட்டத்திலும், பின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2500 சுழற்சியிலும் இயக்க வேண்டும். வெறும் ஓட்டத்தில் மிகுந்திருந்த திருத்தம் வேகம் கூடியதும் குறைந்தால், வெற்றிடக் கசிவை ஐயுறலாம். கசிந்து நுழையும் காற்று, மொத்தக் காற்று குறைவாக உள்ளபோதுதான் பெரிய பங்காக இருக்கும் என்பதே காரணம். மாறாக, வேகமும் சுமையும் கூடக்கூடத் திருத்தமும் கூடினால், எரிபொருள் வரத்தையோ காற்றோட்ட உணரியையோ ஐயுற வேண்டும்.

இச்சோதனைக்குச் செலவு இல்லை. இருப்பினும் பெரும்பாலான மலிவுக் கருவிகள் குறியீட்டையும் ஒரு வரி விளக்கத்தையும் முதல் திரையில் காட்டி, நேரடி அளவீடுகளை நீண்ட பட்டியலாக உள்ளே ஒளித்து வைக்கின்றன. கருவி எளிதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக மிகத் தேவையான பகுதியே கண்ணுக்கு மறைக்கப்படுகிறது.

பி0420 குறியீடு இன்னும் செலவு மிக்கது. வினையூக்கி மாற்றியின் திறன் வரம்புக்குக் கீழ் உள்ளது என்பது அதன் பொருள். மாற்றியில் பிளாட்டினம், பல்லேடியம், உரோடியம் ஆகிய அரிய மாழைகள் இருப்பதால் அதன் விலை மிகுதி. பின் உணரியின் மின்னழுத்தம் முன் உணரியைப் போலவே ஏறி இறங்குவதைக் கண்டு கணினி இம்முடிவுக்கு வருகிறது. புகைக்குழாய்க் கசிவும் இத்தோற்றத்தைத் தரலாம். மாற்றி உண்மையிலேயே கெட்டிருந்தாலும் அதைக் கெடுத்தது எது என்ற வினா எஞ்சும். எண்ணெய் எரிக்கும் எஞ்சினிலோ, எரியூட்டல் தவறும் எஞ்சினிலோ பொருத்திய புதிய மாற்றியும் சில காலத்தில் கெடும்.

இதற்கு மாறாக, ஆர்வலருக்கு மிகவும் உதவும் குறியீடுகளும் உள்ளன. பட்டறைகளில் மிஸ்ஃபயர் எனப்படும் எரியூட்டல் தவறுக்கு பி0301 முதல் தொடங்கும் வரிசை சிலிண்டர் எண்ணையே சொல்லிவிடும். பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டரின் எரியூட்டு காயிலைக் கழற்றி மூன்றாவதற்கு மாற்றிப் பொருத்தலாம். அடுத்த ஓட்டத்தில் பி0303 வந்தால் காயில்தான் பழுது. மீண்டும் பி0302 வந்தால் ஸ்பார்க் பிளக், எரிபொருள் பீச்சி, அமுக்கம் என்று தேடலைத் தொடரலாம். புதிய உறுப்பு எதுவும் வாங்காமலே ஓர் ஐயம் தீர்ந்துவிடுகிறது.

அமெரிக்காவில் சில உதிரிப்பாகக் கடைத் தொடர்கள் குறியீட்டை இலவசமாகப் படித்துத் தருகின்றன. சேவை பயனுள்ளதே. ஆனால் படித்துத் தருபவர் உறுப்பு விற்பவர் என்பதையும், அவர் செய்வது பழுதாய்வு அன்று, படித்தல் மட்டுமே என்பதையும் மறத்தலாகாது.

அழிக்கும் பொத்தான்

எல்லாக் கருவிகளிலும் குறியீட்டை அழிக்கும் வசதி உண்டு. பொதுவாக அதுவே மிகவும் கைக்கெட்டும் பொத்தான். அழுத்தினால் விளக்கு அணையும். உடன் பழுது நேர்ந்த நொடியின் வேகம், வெப்பநிலை, சுமை முதலியவற்றைக் காட்டும் உறைநிலைப் பதிவும் அழியும். பழுதாய்வுக்கு மிகுந்த பயன் தரும் சான்று அதுவே என்பதால், அழிக்கும் முன் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அழித்தலுக்கு மற்றொரு விளைவும் உண்டு. கணினி தன் தற்சோதனைகள் அனைத்தையும் "முடியவில்லை" என்ற நிலைக்குக் கொண்டுசெல்லும். அவை மீண்டும் முடியப் பல நாள் இயல்பான ஓட்டம் தேவைப்படலாம். மாசுச் சோதனைக்குச் செல்லும் வழியில் விளக்கை அணைத்து ஏமாற்ற முயல்வோர் இங்கே பிடிபடுவர். அமெரிக்க நடுவண் வழிகாட்டலின்படி 1996 முதல் 2000 வரையிலான தானுந்துகளில் இரண்டு சோதனைகளும், 2001-க்குப் பிந்தையவற்றில் ஒன்றும் மட்டுமே முடியாமல் இருக்கலாம். 2010-ஆம் மாதிரி ஆண்டு முதல் படிப்படியாக நிலைக் குறியீடு என்ற வகையும் புகுத்தப்பட்டது. அதைக் கருவியால் அழிக்க இயலாது. பழுது நீங்கியதைக் கணினி தானே உறுதிசெய்தால் மட்டுமே அது மறையும். கலிபோர்னியா 2019 சூலை முதல் இதையும் சோதனையில் பார்க்கிறது.

கருவி வகைகள்

விலை குறைந்தவை ஈ.எல்.எம். வகைச் செருகிகள். ஆண்டிராய்டு திறன்பேசிகள் புளூடூத் வழியே இவற்றுடன் எளிதில் இணையும். ஐபோனுக்கு நெடுங்காலம் வை-ஃபை வகை தேவைப்பட்டது. இணைப்பியின் 16-ஆவது முனையில் எப்போதும் மின்சாரம் இருக்கும். செருகியை நாள்கணக்கில் விட்டுவைத்தால் மின்கலம் வடியக்கூடும். தனித்த கையடக்கக் கருவிகள் செருகியவுடன் இயங்கும் என்பதால், திறன்பேசி இணைப்புச் சிக்கல்களில் சிக்க விரும்பாதவருக்கு ஏற்றவை.

ஒரே நிறுவனத்தின் வண்டிகளுக்கென உள்ள மென்பொருள்களும் உண்டு. ஃபோக்சுவாகன் குழுமத்துக்கான வி.சி.டி.எஸ்., ஃபோர்டு வண்டிகளுக்கான ஃபோர்ஸ்கேன் ஆகியவை ஆர்வலர்களிடையே பெயர்பெற்றவை. இவை பிரேக், காற்றுப்பைத் தொகுதிகளையும் படிக்கும், உறுப்புகளை இயக்கிச் சோதிக்கும், அமைவுகளையும் மாற்றும். அமைவுகளைப் பொருளறியாமல் மாற்றினால் வண்டியின் தொகுதி ஒன்று இயங்காமல் போகவும் கூடும். இவற்றின் இடைமுகம் புதியவரை அச்சுறுத்துவது ஒருவகையில் நன்மைக்கே.

பாதுகாப்பும் பழுதுபார்க்கும் உரிமையும்

2015-இல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓபிடி இணைப்பியில் செருகிய தொலைத்தொடர்புச் செருகி ஒன்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, செவர்லே கார்வெட் தானுந்தின் கண்ணாடித் துடைப்பானையும் பிரேக்கையும் இயக்கிக் காட்டினர். அதே ஆண்டு சார்லி மில்லர், கிறிசு வாலசெக் ஆகிய இருவர் ஜீப் வண்டி ஒன்றைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தினர். அது இணைப்பி வழி நடந்த தாக்குதல் அன்று. எனினும் அதன் பின் 14 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்த ஃபியட் கிரைசிலர் நிறுவனம், 2018-ஆம் மாதிரி ஆண்டு முதல் தன் வண்டிகளில் பாதுகாப்பு வாயிலைப் பொருத்தத் தொடங்கியது. இவ்வாயில் உள்ள வண்டிகளில் குறியீட்டைப் படிக்கலாம். அழிப்பதற்கும் உறுப்புகளை இயக்கிச் சோதிப்பதற்கும் பதிவுசெய்த கருவியும் இசைவும் வேண்டும்.

பாதுகாப்புத் தேவை உண்மையானது. அதே வேளையில், உரிமையாளர் தம் வண்டியை எங்குப் பழுதுபார்ப்பது என்பதை நிறுவனமே முடிவுசெய்ய இப்பூட்டு வழிகோலும் என்ற அச்சமும் உண்மையானதே. மாசச்சூசெட்சு மாநில வாக்காளர்கள் 2012-இல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்துக்குப் பெரும்பான்மை ஆதரவளித்தனர். 2014-இல் உற்பத்தியாளர் சங்கங்கள் அதையொட்டிய உடன்பாட்டை நாடு முழுமைக்கும் ஏற்றன. வண்டியிலிருந்து கம்பியின்றி நேரே நிறுவனத்துக்குச் செல்லும் தரவுகள் அதில் அடங்கவில்லை. 2020-இல் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தி அவற்றையும் சேர்த்தபோது, உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் சென்றனர்.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இந்தியாவில் சென்னை உட்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரலில் பாரத் நிலை 4 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது ஓபிடி-1 கட்டாயமானது. 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 தேவைப்பட்டது. நாடு முழுவதும் இவ்விதி 2017 ஏப்ரலில் பரவியது. இருசக்கர உந்துகளுக்கு 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 உடன் முதற்கட்டமும், 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. இருசக்கர உந்துகள் பலவற்றில் 16 முனை இணைப்பிக்கு மாறாகச் சிறிய 6 முனை இணைப்பி இருப்பதால், தனியே மாற்று வடம் வாங்க வேண்டியிருக்கும்.

இலங்கையில் சப்பானிலிருந்து வந்த பயன்படுத்திய கார்கள் மிகுதி. சப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென உருவான பழைய வண்டிகள் சிலவற்றில் 16 முனை இணைப்பி இருந்தும், பொதுச் செருகிகளுக்கு மறுமொழி வருவதில்லை. இணைப்பியின் வடிவம் ஒன்றே என்பதால் நெறிமுறையும் ஒன்றாகிவிடாது. இத்தகைய வண்டிகளுக்கு அந்நிறுவனத்துக்குரிய கருவியோ, அதற்கு ஈடான பன்னிறுவனக் கருவியோ வேண்டும்.

மாறிவரும் நிலை

மின்தானுந்துகளில் புகைக்குழாய் இல்லை. எனவே மாசுக்கென எழுந்த ஓபிடி-2 அவற்றை நெடுங்காலம் கட்டுப்படுத்தவில்லை. டெசுலா மாடல் 3-இல் வழக்கமான ஓபிடி-2 இணைப்பி இல்லை. கலிபோர்னியா 2026-ஆம் மாதிரி ஆண்டு முதல் மின்தானுந்துகளுக்கும் பொது இணைப்பியையும், மின்கல நலம் முதலிய தரவுகளைப் பொது வடிவில் தருவதையும் விதியாக்கியுள்ளது.

பெட்ரோல், டீசல் வண்டிகளிலும் தரவு கேட்கும் மொழி மாறுகிறது. 2027-ஆம் மாதிரி ஆண்டு முதல் அமெரிக்காவில் யு.டி.எஸ். என்னும் சேவை முறையை அடிப்படையாகக் கொண்ட புதிய ஓபிடி சீர்தரம் கட்டாயமாகிறது. இதில் பழுதுக் குறியீடு விரிவாக இருக்கும். பழுது இன்ன வகையானது என்பதையும் அதன் இறுதிப் பகுதி சுட்டும். மேலே காட்டிய 01 05 போன்ற பழைய கேள்விகளை மட்டுமே அறிந்த செயலிகளும் கருவிகளும் புதுப்பிக்கப்படாவிடில் இவ்வண்டிகளுடன் பேச இயலாது. 16 முனை இணைப்பி அதே இடத்தில், அதே வடிவில் தொடர்வதால், பழைய செருகி சரியாகவே பொருந்தும். திரையில் மட்டும் எதுவும் வராது.